கிளினிக் குப்பியா, பாமசிப் பென்னா? கொழும்பில் நீண்டநேர இன்சுலினைத் தெரிவு செய்வது

"சீனி வருத்தத்துக்கு மாத்திரை மட்டும் இனிப் போதாது, இரவில் ஒரு ஊசி தொடங்குவோம்" என்று டொக்டர் சொன்னதும் வீட்டில் எழும் அடுத்த கேள்வி, எந்த இன்சுலின் என்பதுதான். கொழும்பில் இதற்குப் பல பதில்கள் இருக்கின்றன. அரச கிளினிக்கில் இலவசமாகத் தரும் குப்பி ஒன்று. தனியார் பாமசியில் காசு கொடுத்து வாங்கும் பென்கள், அதாவது மருந்து நிரப்பிய பேனை போன்ற ஊசிகள், சில. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பிள்ளைகள் "நாங்கள் நல்லதாகப் பார்த்து அனுப்புகிறோம்" என்று சொல்லும் மூன்றாவது வழியும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வீடுகளில் சாதாரணம்.

அம்மாவின் இன்சுலினைக் கவனித்துக்கொள்பவள் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவு இரண்டு மணிக்குச் சீனி இறங்கினால் அந்த வீட்டில் யார் எழும்புவார்கள்? அடுத்த மாதமும் அதே மருந்து கைக்குக் கிடைக்குமா? இந்த இரண்டுக்கும் நேர்மையான பதில் தெரிந்தால் தெரிவு பெரும்பாலும் முடிந்த மாதிரித்தான். மிச்சத்தை டொக்டர் அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்வார்.

நாம் எதற்காக இந்த ஊசியைப் போடுகிறோம் என்பதை முதலில் பார்ப்போம். சாப்பிடாத நேரத்திலும் ஈரல் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குச் சீனியை விட்டுக்கொண்டிருக்கும். அதை இரவும் பகலும் அடக்கி வைப்பதுதான் நீண்டநேர இன்சுலினின் வேலை. அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காலையில் வெறும் வயிற்றில் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பொதுவான இலக்கு டெசிலீட்டருக்கு 80 முதல் 130 மில்லிகிராம் வரை. வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் டொக்டர்மார் இந்த இலக்கைத் தளர்த்துவார்கள், தளர்த்தவும் வேண்டும்.

சரி, எதிரே இருக்கும் மருந்துகளைப் பார்ப்போம்.

பழையது என்.பி.எச். என்ற ஐசோபேன் இன்சுலின். டென்மார்க்கில் ஹாகடோர்னின் ஆய்வுகூடத்தில் 1946இல் உருவானது. மீனிலிருந்து எடுக்கும் புரோட்டமின் என்ற புரதத்தோடு இன்சுலினைச் சேர்த்து, அது தோலுக்கடியில் மெதுவாகக் கரையும்படி செய்தார்கள். அதனால்தான் இந்தக் குப்பி பால் கலந்த தண்ணீர் போலக் கலங்கலாக இருக்கும். போட்டு நான்கு மணித்தியாலத்துக்குப் பிறகு உச்சத்துக்கு ஏறி, பத்தாவது மணித்தியாலம் வரை அந்த உச்சம் நீளலாம். மொத்தமாக 12 முதல் 18 மணித்தியாலம் நிற்கும். இதன் பலமும் பலவீனமும் இந்த உச்சத்தில்தான் இருக்கின்றன. மாலை ஏழு மணிக்கே போட்டுவிட்டால் உச்சம் நடுநிசியில், எல்லோரும் தூங்கும் நேரத்தில் வரும். படுக்கப்போகும்போது, பத்து மணியளவில் போட்டால் அது விடியற்காலையை நோக்கி நகரும். பலருக்கும் சீனி தானாக ஏறுவதும் அந்த விடியற்காலையில்தான். இந்த ஒரு நேர மாற்றத்தாலேயே இரவில் லோ ஆவது, அதாவது சீனி அளவுக்கு மீறி இறங்குவது, நின்றவர்கள் இருக்கிறார்கள். மருந்தையே மாற்ற முன் டொக்டரிடம் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

கிளினிக் கொப்பியில் பலருக்கும் எழுதப்பட்டிருப்பது தனி என்.பி.எச். கூட இல்லை, 30/70 கலவை. முப்பது வீதம் குறுகியநேர இன்சுலின், எழுபது வீதம் ஐசோபேன். காலைச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் அரை மணித்தியாலம் முன்னால் போட வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடும் வீட்டுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். சாப்பாட்டு நேரம் தாறுமாறாக இருப்பவருக்கு இதுதான் கஷ்டமான தெரிவு, ஏனென்றால் ஊசியைப் போட்ட பிறகு சாப்பிட்டே ஆக வேண்டும். காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் அகப்பட்டுக்கொண்டால் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். ஆனால் காலையில் போட்ட ஐசோபேன் அதற்காகக் காத்திருக்காது.

அடுத்தது கிளார்ஜின், லான்டஸ் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் பாவனைக்கு வந்தது. குப்பிக்குள் அமிலத்தன்மையோடு தெளிவாக இருக்கும் இது, தோலுக்கடியில் போனதும் நுண்ணிய படிவமாக மாறி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். பெரிய உச்சம் எதுவும் இல்லாமல் ஏறத்தாழ 24 மணித்தியாலம் ஓடும். அமிலத்தன்மை காரணமாக இதை வேறு எந்த இன்சுலினோடும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. கிளார்ஜினுக்கு இப்போது பயோசிமிலர்களும், அதாவது வேறு கம்பனிகள் அதே மாதிரிச் செய்யும் மருந்துகளும், இருக்கின்றன. தேசிய ஔடதங்கள் ஒழுங்குமுறை அதிகார சபையில் பதிவானதாக இருந்தால் பெயர் வேறு என்பதற்காகப் பயப்படத் தேவையில்லை. பெயர் மாறும்போது சில நாட்கள் கூடுதலாகக் குத்திப் பார்த்தால் போதும்.

இவற்றுக்குப் பிறகு வந்தவை இரண்டு. டூஜியோ என்பது அதே கிளார்ஜின்தான், ஆனால் மூன்று மடங்கு செறிவு: மில்லிலீட்டருக்கு 300 யூனிட். 24 மணித்தியாலத்தைத் தாண்டியும் நிற்கும். லான்டஸைவிட இதில் பெரும்பாலானோருக்குக் கொஞ்சம் கூடுதல் யூனிட் தேவைப்படும். ட்ரெசிபா என்ற டெக்லுடெக் தோலுக்கடியில் நீண்ட சங்கிலிகளாகக் கோர்த்துக்கொண்டு 42 மணித்தியாலத்துக்கும் மேல் நிற்கும். ஒரு நாள் நேரம் தவறினாலும், இரண்டு ஊசிகளுக்கிடையில் எட்டு மணித்தியாலமாவது இருந்தால் சமாளித்துக்கொள்ளலாம். ஷிப்டில் வேலை செய்பவருக்கு இது பெரிய உதவி. லெவமிர் என்ற டெட்டமிரை இனிப் புதிதாகத் தொடங்குவதில் எனக்குக் காரணம் தெரியவில்லை. தயாரிக்கும் கம்பனியே அதை அமெரிக்காவில் 2024 இறுதியோடு நிறுத்திவிட்டது.

இவற்றுக்கிடையில் உண்மையான வித்தியாசம் எவ்வளவு? 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பயன்பட்டது. மாத்திரையால் கட்டுப்படாத 756 பேருக்கு, பாதிப் பேருக்கு இரவில் கிளார்ஜின், மற்றவர்களுக்கு என்.பி.எச். ஆறு மாதத்துக்குப் பிறகு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி ஒரு பக்கம் 6.96, மறுபக்கம் 6.97. வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இரவில் சீனி இறங்கியது கிளார்ஜின் போட்டவர்களில் தெளிவாகக் குறைவு. ஆகவே "விலை கூடிய பென் போட்டால் சீனி நன்றாகக் குறையும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அளவைச் சரியாகக் கூட்டினால் பழைய குப்பியும் அதே இடத்துக்குக் கொண்டுபோகும். பென்னுக்குக் கொடுக்கும் காசு, நடுநிசியின் அமைதிக்காகக் கொடுக்கும் காசு.

அந்த அமைதி எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதும் இல்லை. 2018இல் வட கலிபோர்னியாவில் 25,000க்கும் மேற்பட்ட டைப் 2 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தபோது, லோ ஆகி ஆஸ்பத்திரிக்குப் போன அளவில் என்.பி.எச். தொடங்கியவர்களுக்கும் புதிய இன்சுலின் தொடங்கியவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறுபக்கம், 2017இல் வந்த டிவோட் ஆய்வில் இதய நோய் ஆபத்துக் கூடிய 7,637 பேரில் டெக்லுடெக் போட்டவர்களில் 4.9 வீதத்தினருக்கும் கிளார்ஜின் போட்டவர்களில் 6.6 வீதத்தினருக்கும் கடுமையான லோ வந்தது. இரண்டையும் சேர்த்து நான் விளங்கிக்கொள்வது இதுதான்: ஆபத்துக் குறைந்தவருக்கு எதைப் போட்டாலும் பெரிய மாற்றமில்லை, ஆபத்துக் கூடியவருக்கு மருந்தின் வகை முக்கியம்.

யார் ஆபத்துக் கூடியவர்? கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு நிலைமை எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், எண்பதை நெருங்கும் தாயோ தகப்பனோ தொடர்மாடி வீட்டில் தனியாக. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருக்கும், சிறுநீரகம் இன்சுலினை வெளியேற்றும் வேகம் குறைந்திருக்கும். இரவில் பசி இல்லை என்று ஒரு துண்டுப் பாணோடு படுத்துவிடுவார். வருடக்கணக்காகச் சீனி வருத்தம் இருப்பதால் வியர்வை, படபடப்பு போன்ற எச்சரிக்கைகளும் மங்கிப் போயிருக்கும். இப்படிப்பட்டவருக்கு உச்சமில்லாத இன்சுலின் தேவை என்று குடும்பம் டொக்டரிடம் வாதாடிக் கேட்க வேண்டும். அந்த ஊசியையும் காலையில், வேலைக்கு வரும் அக்காவோ பக்கத்து வீட்டவரோ இருக்கும் நேரத்தில் போடலாமா என்று கேளுங்கள். கிளார்ஜினுக்கும் டெக்லுடெக்குக்கும் அது பொருந்தும்.

இன்னொரு பக்கம், ஐம்பது வயது, மனைவி பிள்ளைகளோடு இருக்கிறார், ஒன்பது மணிக்கு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுப் படுப்பவர், ஒருநாளும் லோ ஆனதில்லை. அவர் கிளினிக் என்.பி.எச்.ஐ விட்டுவிட்டு மாதாமாதம் பென்னுக்குக் கடன்படத் தேவையில்லை. ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ காலையில் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்ட் மாத்திரை எடுப்பவருக்கு என்.பி.எச். உண்மையிலேயே நல்ல தெரிவு என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை பகலில் ஏற்றும் சீனியை, காலையில் போடும் என்.பி.எச்.இன் உச்சம் சரியாகப் போய்ப் பிடிக்கும்.

செலவுக் கணக்குக்கு வருவோம். நாளுக்கு 20 யூனிட் என்றால் மாதம் 600. ஒரு லான்டஸ் பென்னில் 300 யூனிட், அப்போ இரண்டு போதும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்க 2 யூனிட்டை வெளியே தள்ள வேண்டும், அது மாதம் 60. மூன்றாவது பென்னைத் திறக்காமல் மாதம் முடியாது. அப்புறம் பென் ஊசிகள், குத்திப் பார்க்கும் ஸ்ட்ரிப்புகள். இந்த ஸ்ட்ரிப் செலவைத்தான் குடும்பங்கள் முதலில் வெட்டுகின்றன, அது என் மனதுக்கு ஒப்பாத விஷயம். கையில் அளவான காசுதான் இருக்கிறது என்றால், விலை கூடிய பென்னைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி இருப்பதைவிட, இலவசக் குப்பியைப் போட்டுக்கொண்டு அந்தக் காசுக்கு ஸ்ட்ரிப் வாங்கி ஒழுங்காகப் பார்ப்பது எவ்வளவோ பாதுகாப்பு. வழக்கமாக 10 யூனிட்டில் தொடங்கி, மூன்று நாளைக்கு ஒருமுறை 2 யூனிட் வீதம் கூட்டிப் போவார்கள். காலைச் சீனியைப் பார்க்காமல் அதை எப்படிச் செய்வது?

கிடைக்குமா என்ற கேள்வி விலையைவிடப் பெரியது. 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, ஒரே வகையை நம்பியிருந்தவர்கள் அரச மருந்துக்கடையான ஒசுசலவிலிருந்து புறக்கோட்டை வரை அலைந்தார்கள். ஆகவே புதிதாக ஒரு பென்னைத் தொடங்க முன் இரண்டு மூன்று பாமசிகளில் "இது ஒழுங்காக வருகிறதா" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாதத்துக்கான கையிருப்பு எப்போதும் ஃபிரிட்ஜில் இருக்கட்டும், அதற்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் பென்களும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. இரண்டு மாதம் ட்ரெசிபா, அது முடிந்ததும் கிளினிக் கலவை, அடுத்த விருந்தாளி வந்ததும் டூஜியோ என்று மாறிக்கொண்டே இருப்பது உடம்புக்கு நல்லதல்ல. ஒவ்வொரு மாற்றத்திலும் அளவு வேறு. அனுப்புவதென்றால் தொடர்ந்து அனுப்ப முடிய வேண்டும். கொண்டுவருபவர் அதைக் கைப்பையில் கொண்டுவர வேண்டும், விமானத்தின் சாமான் பகுதியில் போட்டால் உறையக்கூடும். உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது.

சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் இதை இரண்டு முறை வாசிக்க வேண்டும். இங்கே நாம் பாவிக்கும் குப்பியில் மில்லிலீட்டருக்கு 100 யூனிட். இந்தியாவில் 40 யூனிட் குப்பிகள் இன்னும் பரவலாக விற்பனையில் இருக்கின்றன, அவற்றுக்குத் தனி சிரிஞ்ச். அங்கே வாங்கிய 40 யூனிட் குப்பியிலிருந்து இங்கத்தைய 100 யூனிட் சிரிஞ்சால் எடுத்தால் உடம்புக்குப் போவது வேண்டிய அளவில் ஐந்தில் இரண்டு பங்குதான். மாறி, இங்கத்தைய குப்பியிலிருந்து அங்கத்தைய 40 யூனிட் சிரிஞ்சால் எடுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. குப்பியிலும் சிரிஞ்சிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதேபோல டூஜியோ பென்னிலிருந்து சிரிஞ்சால் மருந்தை உறிஞ்சி எடுக்கவே கூடாது.

கண் பார்வை குறைந்தவர்களுக்கு இன்னொரு விஷயம். என்.பி.எச்.உம் கலவையும் கலங்கல், அவற்றை உள்ளங்கைகளுக்கிடையில் மெதுவாக உருட்டிக் கலந்த பிறகுதான் போட வேண்டும், குலுக்கக் கூடாது. கிளார்ஜின் தெளிவாக இருக்கும். சாப்பாட்டுக்குப் போடும் விரைவு இன்சுலினும் தெளிவுதான். இரண்டு பென்னும் ஒரே தட்டில் இருந்தால், இரவு 20 யூனிட் கிளார்ஜினுக்குப் பதிலாக 20 யூனிட் விரைவு இன்சுலின் போய்விடும் வாய்ப்பு நிஜமானது. ஒன்றுக்கு றப்பர் பாண்ட் சுற்றி, வேறு இடத்தில் வையுங்கள்.

கொழும்பின் வெக்கையும் கணக்கில் வர வேண்டும். திறக்காததை 2 முதல் 8 பாகையில், ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைக்க வேண்டும், உறைபெட்டிக்கு ஒட்டினாற்போல் வேண்டாம். திறந்த பிறகு 30 பாகைக்குக் கீழே லான்டஸ் 28 நாள், டூஜியோ ஆறு வாரம், ட்ரெசிபா எட்டு வாரம். என்.பி.எச். குப்பிக்கு அதன் தாளில் போட்டிருக்கும் காலம். இங்கே வருடம் முழுக்கப் பகல் வெக்கை 30 பாகையைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஆகவே திறந்ததையும் ஃபிரிட்ஜிலேயே வைத்து, போட முன் கொஞ்சநேரம் வெளியே எடுத்து வைப்பது சுலபம். சில பென்களைத் திறந்த பிறகு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம் என்று தாளில் போட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மண்பானைக்குள் வைக்கும் முறை வறண்ட ஊர்களில் நன்றாகக் குளிரும், எங்கள் ஈரக் காற்றில் அவ்வளவு குளிராது. சில மணித்தியாலம் கரண்ட் போனதற்காகக் குப்பியைக் குப்பையில் போட வேண்டியதில்லை. ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டாலே போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டது என்றால் அதை நம்ப வேண்டாம்.

விரதமும் நோன்பும் இந்தத் தெரிவை மாற்றக்கூடியவை. கந்தசஷ்டியில் ஆறு நாளும் ஒரு நேரம் மட்டும் சாப்பிடுபவருக்குக் கலவை இன்சுலின் மிகவும் சிரமம், உச்சமில்லாத ஒன்று எவ்வளவோ இலகு. ரமழானில் கிளார்ஜின் போடுபவருக்கு அளவை 15 முதல் 30 வீதம் குறைத்து இப்தார் நேரத்தில் போடச் சொல்வதே வழமை. இரண்டு நேரம் என்.பி.எச். போடுபவர் வழக்கமான காலை அளவை இப்தாருக்கும், மாலை அளவில் பாதியை விடியமுன் சாப்பிடும் ஸஹருக்கும் எடுப்பார். இதை நோன்பு தொடங்கச் சில வாரம் இருக்கும்போதே டொக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். உடம்பு இன்சுலினையே சுரக்காத டைப் 1 உள்ளவர் சாப்பிடாத நாளிலும் நீண்டநேர இன்சுலினை முழுதாக நிறுத்தவே கூடாது.

எந்த மருந்தைத் தெரிவு செய்தாலும் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாதது ஒன்றிருக்கிறது. இரவு பத்து மணிக்குச் சாப்பிட்ட கொத்து ரொட்டியை நீண்டநேர இன்சுலின் பார்த்துக்கொள்ளாது. காலைச் சீனி 120, மதியத்துக்குப் பிறகு 280 என்றால், இரவு ஊசியைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. உடல் எடையில் கிலோவுக்கு அரை யூனிட்டைத் தாண்டியும் கூட்டிக்கொண்டிருந்தால், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 30 யூனிட்டுக்கு மேல் போனால், சாப்பாட்டுக்கு வேறு மருந்து தேவையா என்று டொக்டரிடம் கேட்கும் நேரம் வந்துவிட்டது. அந்த நிலையில் என்.பி.எச்.இலிருந்து பென்னுக்கு மாறினாலும் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

மாறுவதென்று முடிவெடுத்தால் யூனிட்டை அப்படியே தூக்கி வைக்கக் கூடாத இடங்கள் சில உண்டு. நாளுக்கு இரண்டு முறை போட்ட என்.பி.எச்.இலிருந்து ஒருநேர கிளார்ஜினுக்கு மாறும்போது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துத் தொடங்குவார்கள்: காலை 18, இரவு 12 போட்டவருக்கு 24. டூஜியோவிலிருந்து லான்டஸுக்குத் திரும்பும்போதும் அதே 20 வீதக் குறைப்பு. கலவையிலிருந்து வருபவருக்கு இந்தக் கணக்குப் போதாது, சாப்பாட்டுக்கான பங்கை வேறாகப் பார்க்க வேண்டும், அதை வீட்டில் வைத்துச் செய்ய வேண்டாம். மாறிய முதல் வாரத்தில் ஓரிரு இரவு மூன்று மணிக்கு எழும்பிக் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார்த்து, அந்த எண்ணையும் நேரத்தையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த கிளினிக்கில் டொக்டர் அளவை மாற்றுவதற்கு அவருக்கு வேண்டியது அந்த வரிதான்.